கானாடுகாத்தான் வீடுகளுக்குள் ஒலி வழிகாட்டியோடு ஒரு நாள்

காரைக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு, செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் நிறைந்த கானாடுகாத்தானைச் சுற்றிப் பார்க்க ஆடியோ கைடு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் சிறு வயது முதல் அந்தத் தெருக்களுக்குப் போய் வந்திருக்கிறேன். ஆனால் பந்தியையும் உறவினர்களையும் பார்த்த அளவுக்கு அந்த வீடுகளைப் பார்த்ததில்லை என்பது சில மாதங்களுக்கு முன்புதான் எனக்கே உறைத்தது.

உறைக்க வைத்தது சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமம். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த இளம் கலைஞர்களும், கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி 1966-இல் உருவாக்கிய குடியிருப்பு அது. அங்கேயுள்ள நவீன ஓவிய அருங்காட்சியகத்தில் நான் காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் நடந்தேன். 1963 முதல் பணிக்கர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் எழுத்தைப் போன்ற கோடுகளும் சாதகக் கட்டத்தைப் போன்ற கட்டங்களும் நிறைந்திருக்கும். எந்த மொழி தெரிந்தவராலும் அவற்றைப் படிக்க முடியாது. படிக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் பார்க்கத் தொடங்குகிறோம். ஆகவே இந்த ஒலி வழிகாட்டியையும் ஒரே கேள்வியால்தான் அளந்தேன்: அந்தக் குரலைக் கேட்டதால் எதிரில் இருப்பதை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேனா, அல்லது பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றேனா?

வழிகாட்டி, கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் ஒரு செயலி. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இருக்கிறது. கானாடுகாத்தான் தெருக்களில் தொடங்கி, ஆத்தங்குடிக்குப் போய், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் முடிகிறது. கானாடுகாத்தானுக்குள் நடந்தே பார்த்துவிடலாம். மற்ற இரண்டு இடங்களுக்கும் வண்டி வேண்டும். என்னோடு என் அயித்தை வந்தார்கள். பள்ளத்தூரில் வாக்கப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெரிய வீட்டில் பெண்கள் புழங்கும் பின்பகுதியான இரண்டாங்கட்டில் இருந்தவர்கள். ஒரே இயர்போனில் ஆளுக்கு ஒரு காதாகக் கேட்டோம்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. வீட்டைக் காட்டுவதற்கு முன் தெருவைக் காட்டுகிறார்கள். நேர்கோடு போட்டாற்போல் ஓடும் தெருக்கள். ஒரு தெருவில் முகப்பு வைத்த வீட்டின் பின்வாசல் அடுத்த தெருவில் திறப்பது. ஓட்டுக் கூரைச் சரிவில் விழும் மழை, வீட்டின் நடுவே வானம் பார்த்திருக்கும் வளவு வாசலில் இறங்கி, அண்டாக்களில் பிடித்தது போக மிச்சம் வடிகால் வழியாக ஊருணிக்குப் போகும்படி ஊரே சரிவு பார்த்து அமைக்கப்பட்டிருப்பது: இவற்றையெல்லாம் ஒரு மூலையில் நிற்க வைத்து, இந்தப் பக்கம் திரும்புங்கள், இப்போது கூரையின் விளிம்பைப் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லிக் காட்டியது அந்தக் குரல். எத்தனையோ முறை நடந்த தெருவில், தண்ணீர் போகும் வழியை அன்றுதான் முதன்முறையாகக் கண்ணால் தொடர்ந்து போனேன். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்த்தோம். 1912-ஆம் ஆண்டு என்றும், 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் என்றும் இரண்டு வரியில் சொல்லிவிட்டு, முகப்பின் உச்சியில் இருக்கும் சுதை வேலைப்பாட்டைக் கவனிக்கச் சொல்லிக் குரல் நின்றுவிடுகிறது. அது சரியான அளவு.

பார்வையாளர்களுக்குத் திறந்திருந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. தமிழ்ப் பதிவு ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே மாற்றியது என்பது இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். “இந்த மாளிகை உங்களை இருகரம் நீட்டி வரவேற்கிறது”, “பர்மா தேக்கின் அழகில் மூழ்கிப் போங்கள்” என்பன போன்ற வாக்கியங்களை இந்தப் பக்கத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அதைவிடப் பெரிய குறை, வீட்டின் பகுதிகளுக்கு இங்கே வழங்கும் பெயர்களைச் சொல்லாமல் விட்டிருப்பது. வளவை ‘உள்முற்றம்’ என்று குரல் சொன்னதும் அயித்தை இயர்போனைக் கழற்றிவிட்டார்கள்.

“முத்தம்னா மொட்டையா இருக்கேப்பா. வளவுன்னு சொன்னாத்தானே வீடு தெரியும்?” என்றார்கள்.

அவர்கள் சொன்னது வெறும் சொல் பற்றிய பிடிவாதமன்று. வளவு என்றால் வானம் தெரியும் திறந்த இடம் மட்டும் என்று பொருளாகாது. அதைச் சுற்றித் தூண்களோடு தாழ்வாரமாக ஓடும் பத்தியும், பத்தியில் திறக்கும் வரிசை அறைகளும் சேர்ந்ததுதான் வளவு. அந்த அறைகள் வீட்டில் மணமான ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும், உரியவை. மருமகள் கொண்டு வந்த சீர்ச் சாமான்கள் அங்கேதான் பூட்டி வைக்கப்பட்டன. மணமாகிச் சிறிது காலம் கழிந்ததும் இளம் தம்பதியை ‘வேறு வைத்து’, அதே கூரையின் கீழ் அவர்களுக்கென்று தனி அடுப்பும் தனிக் கணக்கும் கொடுத்துவிடுவார்கள். ஒரே வீட்டில் பல குடும்பங்கள் ஒற்றுமை குலையாமல் இருந்ததற்கு அந்தத் தனி அடுப்புத்தான் காரணம் என்பது அயித்தையின் கருத்து. நான் அதை முழுமையாக நம்புகிறேன். இந்த ஏற்பாடு தெரிந்தால்தான், அந்த அறைக் கதவுகள் ஏன் இத்தனை, ஏன் எல்லாம் ஒரே அளவு, பின்கட்டு ஏன் இவ்வளவு நீளம் என்பதெல்லாம் கண்ணுக்குப் பிடிபடும். வழிகாட்டியோ வீட்டின் முன்பகுதியான முகப்பிலும் பட்டாலையிலும் பதினைந்து நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டு, பெண்கள் வாழ்ந்து தீர்த்த இரண்டாங்கட்டை ஒரே நிமிடத்தில் “சமையல் பகுதி” என்று தாண்டிப் போகிறது.

பர்மாவைப் பற்றியும் அப்படித்தான். பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, தேக்கு பர்மாவிலிருந்து என்று பட்டியல் வருகிறது; பணம் எங்கிருந்து, எப்படி வந்தது என்பது வருவதில்லை. கொண்டுவிற்கப் போனவர்கள் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். இரங்கூன் முகல் தெருவில் இருந்த நம்மவர்களின், அதாவது நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், வட்டிக்கடைகள் கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தன. 1930-இல் அங்குள்ள முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது; நெல் விலை சரிந்து கடன்பட்டவர்களால் கட்ட முடியாமல் போனதால் 1938-க்குள் அது 25 பங்காக உயர்ந்தது. நிலம் வேண்டும் என்று அங்கே போனவர்கள் அல்லர் அவர்கள்; ஆனாலும் நிலத்தை இழந்த பர்மிய விவசாயி அதை எப்படிப் பார்த்திருப்பான் என்று சொல்லாமல் அந்தத் தேக்குத் தூணைக் காட்டுவது பாதிக் கதைதான். 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர்களில் அயித்தையின் மாமனாரும் ஒருவர். காட்டு வழியே நடந்து வந்த அவர், பிற்பாடு அந்தத் தூண்களின் மேல் கை வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பாராம். இதைச் சொல்லும் போது அயித்தையும் ஒரு தூணின் மேல் கை வைத்திருந்தார்கள்.

ஒரு தகவல் பிழையையும் குறிப்பிட வேண்டும். செட்டிநாடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று குரல் உறுதியாகச் சொல்கிறது. 2014-இல் இந்தியாவின் சார்பில் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்பதே உண்மை; அதற்கும் சின்னமாக அறிவிக்கப்படுவதற்கும் உள்ள இடைவெளி பெரிது. ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று ஊரார் நினைத்துக்கொண்டால், இடிபடும் வீடுகளைக் காப்பாற்ற யார் முயற்சி எடுப்பார்கள்?

சுவர்ப் பூச்சைப் பற்றிய பகுதி மிக நன்று. சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டையின் வெள்ளைக்கரு என்று சேர்மானங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்து அரை நிமிடம் காத்திருக்கச் சொல்கிறார்கள். பகல் பதினொரு மணி வெயிலில் அந்தக் குளிர்ச்சியை உணர்ந்த பிறகு வேறு விளக்கம் எதற்கு?

இந்த வழிகாட்டி தன் விலைக்கு உரியதாக ஆவது ஆத்தங்குடியில்தான். தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறைக்குள் நுழையும் முன்பே, உள்ளே போனதும் குரலை நிறுத்திவிடுங்கள், முதலில் கையைப் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறது. பார்த்தோம். கல்லின் அளவுக்கு வெட்டிய கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சைப் பொருத்துகிறார்கள். அச்சின் ஒவ்வொரு கண்ணறையிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சிமெண்டில் கரைத்த வண்ணத்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மேலே தூக்கும் நொடிதான் முக்கியம். கை துளி நடுங்கினாலும் வண்ணம் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, அதன் மேல் அந்த ஊர் மணல் சேர்ந்த கலவையைப் போட்டு மட்டம் செய்கிறார்கள். காய்ந்த கல் பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடக்கிறது. சூளையே கிடையாது. கடைசியில் கண்ணாடி கழன்று வரும்போது, அது தொட்டுக்கொண்டிருந்த முகம் அதே வழுவழுப்போடு வெளிப்படுகிறது.

இவ்வளவையும் பார்த்த பிறகு வெளியே வந்து குரலை மீண்டும் இயக்கினால், நாம் பார்த்தது என்ன என்பதை அது நிதானமாக விளக்குகிறது: கல்லின் பளபளப்பு மெருகேற்றியதால் வருவதன்று, கண்ணாடியின் பளபளப்பையே அது வாங்கிக்கொள்கிறது, அச்சில்லாமல் கரண்டி முனையாலேயே வண்ணத்தைச் சுழற்றி வரைகிற கைகளும் இங்கே உண்டு, ஒரு கல்லைப் போல மறு கல் இருக்காது. இதைக் கேட்டுவிட்டு நான் மறுபடியும் உள்ளே போனேன். அச்சு இல்லாமல் சுழற்றிய ஒரு கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, ஈஞ்சம்பாக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த ஓவியங்களின் முன் நின்ற அதே உணர்வு வந்தது. அதைச் செய்தவர் அதில் பெயர் எழுதுவதில்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு. முதலில் கண், பிறகு காது என்ற இந்த வரிசையைப் பயணம் முழுவதும் கடைப்பிடித்திருந்தால், மேலே சொன்ன குறைகளில் பாதியை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

அதே ஊரில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் பெரிய வீட்டைப் பற்றிய பதிவில் சொல்லும்படியாக எதுவுமில்லை. வண்ணம் தீட்டிய விதானத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்வதைத் தவிர மற்றவை முன்பே கேட்டவை.

நடைமுறைச் செய்திகள் சில. பதிவுகளை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு வருவது நல்லது. கனத்த சுவர்களுக்குள் எங்களுக்கு இணையம் எடுக்கவில்லை. இடத்தைத் தானாகக் கண்டுபிடித்துப் பேசும் வசதி, வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெருவில் இரண்டு முறை அடுத்த வீட்டின் கதையைச் சொல்லிவிட்டது. ஆகவே எண்ணைத் தட்டிக் கேட்பதே மேல். ஆத்தங்குடியைக் காலையிலேயே முடித்துவிட்டு மற்ற இடங்களைப் பிறகு பார்க்கலாம், ஏனென்றால் பட்டறையில் வேலை நடக்கும் நேரத்தில் போனால்தான் கையைப் பார்க்க முடியும். படியேறச் சிரமப்படும் பெரியவர்களுக்கு எங்கே உட்கார இடம் உண்டு என்று செயலி சொல்வதில்லை. திண்ணைகளை நம்பித்தான் போனோம்.

கடைசி நிறுத்தம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில், பேரம் பேசி வாங்குங்கள் என்று உற்சாகமாக விடைகொடுத்துவிட்டுக் குரல் முடிந்துவிடுகிறது. அங்கே குவிந்திருப்பவை பெரும்பாலும் பிரிக்கப்பட்ட வீடுகளின் கதவுகள், தூண்கள், எனாமல் பாத்திரங்கள், இரவிவர்மா அச்சுப் படங்கள். நகரத்தார் வீட்டுப் பாத்திரங்களில் அவை யாருடையவை என்று காட்டும் விலாசம், அதாவது குடும்பத்துப் பெயர்களின் முதலெழுத்துகள், வெட்டப்பட்டிருக்கும். பாத்திரத்தைத் திருப்பி அந்த எழுத்தைப் பாருங்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் அந்தப் பதிவில் இருந்திருக்கலாம்.

அயித்தை அதைத்தான் செய்தார்கள். ஒரு பித்தளைச் சட்டியைத் திருப்பி, முந்தானையால் தூசியைத் துடைத்து, மூன்று எழுத்துகளை விரலால் தடவிப் படித்தார்கள். எந்த ஊர், எந்த வீடு, எந்த மருமகளின் சீர் என்று கடைக்காரரிடம் சொன்னார்கள். கடைக்காரர் ஒரு தாளை எடுத்து அதையெல்லாம் எழுதி, சட்டிக்குள் போட்டு வைத்துக்கொண்டார்.