கிலிம் விரிப்பும் அதன் பிளவுகளும்: ஆறு வருடப் பாவனை

போன கிழமை எங்கள் வீட்டுக் கிலிம் விரிப்பை, அதாவது மயிர் வைக்காமல் தட்டையாக நெய்த கம்பளி விரிப்பை, மூன்றாவது தடவையாகத் தைத்து எடுத்தோம். தைத்து முடித்த அன்று பின்னேரமே கல்முனையிலிருந்து சாச்சியின் மகள் கோல் எடுத்தாள். "ராத்தா, அவர் கட்டாரிலிருந்து வாறார். உங்கட வீட்டில கிடக்கிற மாதிரி ஒண்டு கொண்டுவரச் சொல்லவா?" கோலில் சொன்னால் பாதிதான் வரும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுடையது தம்பி 2019இல் கட்டாரின் டோஹாவில், சூக் வாகிஃப் சந்தையில் வாங்கி வந்தது. துருக்கிக் கம்பளி, கைநெசவு, நாலடிக்கு ஆறடி. நடுவில் மூன்று சாய்சதுரம், சுற்றிவர ஆட்டுக்கொம்பு வடிவம். சிவப்பு, கருநீலம், சாயம் போடாத மயிரின் வெள்ளை. வந்த அன்றே விரிப்பதற்கு முன் விறாந்தைக் கதவடியில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். சாய்சதுரங்களின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சக் கோடுகள். நிறம் மாறும் இடமெல்லாம் துணி விட்டிருந்தது. தம்பியை ஏமாற்றிப்போட்டார்கள் என்று எனக்கு நெஞ்சே கனத்துவிட்டது.

நாங்கள் இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனை. தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள். வாப்பா இடுப்பில் கட்டும் சாரன் நெய்தார், உம்மா நூல் சுற்றினா. 2004 சுனாமியில் தறி போன பிறகுதான் வாப்பா அந்த வேலையை விட்டார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் விரிப்பைக் கவிழ்த்துப் போட்டு ஒரு பிளவுக்குள் பெருவிரல் நகத்தை விட்டு, மேலிருந்து கீழ்வரை மெதுவாக இழுத்துப் பார்த்தார். "இது பிழையில்ல மகள். ஊடை இஞ்ச வந்து கிறுகுது. அங்கால நூல் அங்க கிறுகுது. ரெண்டும் ஒண்டையொண்டு புடிக்கல்ல, அவ்வளவுதான்." ஊடை என்றால் குறுக்கே ஓடும் நூல், கிறுகுது என்றால் திரும்புகிறது.

நம் சாரனில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா ஒரு கரையில் புறப்பட்டால் மற்றக் கரைவரை ஓடும். தறியில் நீளவாட்டில் கட்டும் பாவிலும் நிறம் இருக்கும், ஊடையிலும் நிறம் இருக்கும். இரண்டும் குறுக்கே சேரும்போது கட்டம் விழுகிறது. கிலிமில் பாவு கண்ணுக்கே தெரியாது. ஊடையை நெருக்கி அடித்து அதை மூடிவிடுகிறார்கள். ஒவ்வொரு நிற நூலும் தன் பகுதிக்குள் மட்டும் போய்த் திரும்பும். சிவப்பு ஒரு பாவைச் சுற்றித் திரும்பினால், நீலம் அதற்குப் பக்கத்துப் பாவைச் சுற்றித் திரும்பும். இரண்டுக்கும் நடுவில் பிடிமானம் ஒன்றும் இல்லை. கோடு நேராக மேலே ஏறினால் பிளவும் கூடவே ஏறும், துணி தொங்கிப் போகும். அதனால் நாலைந்து இழைக்கு ஒரு தடவை கோட்டைப் பக்கமாக நகர்த்திவிடுகிறார்கள். சாய்சதுரத்தின் ஓரம் ஏணிப்படி மாதிரி இருப்பது அதனால்தான். வடிவம் நெசவிலிருந்தே பிறக்கிறது. இந்தியாவின் பவானி ஜமுக்காளம் பட்டை பட்டையாக இருப்பதை யோசித்துப் பாருங்கள். அங்கே நிறம் கரைக்குக் கரை ஓடுவதால் பிளவு விழ இடமே இல்லை.

இதெல்லாம் அறிந்த பிறகு அந்த விரிப்பின் மேல் எனக்கு வந்த மரியாதை பெரிது. ஆனால் மரியாதை வேறு, அதோடு ஒரு வீட்டில் வாழ்வது வேறு.

ஆறு வருடமாக அந்தப் பிளவுகள் என் உயிரை எடுக்கின்றன. ஈர்க்கு விளக்குமாறு போட்டால் ஈர்க்கு உள்ளே போய் நூலை இழுக்கிறது. சின்னவனுக்கு நடை பழகும் வயதில் கால் விரல் மாட்டி இரண்டு தடவை விழுந்தான். முதல் கிழிசல் சாப்பாட்டுக் கதிரையால் வந்தது. அதன் கால் ஒரு பிளவுக்குள் இறங்கியிருந்ததைக் காணாமல் விருந்தாளி ஒருவர் கதிரையைப் பின்னால் தள்ளினார். இரண்டு பாவு நூல் அறுந்தது. ஊடை அறுந்தால் தைத்துவிடலாம், பாவு அறுந்தால் பக்கத்து ஊடையெல்லாம் பிடியில்லாமல் சரியத் தொடங்கும். இந்தத் தடவை கிழிந்ததும் அதே இடத்துக்குப் பக்கத்தில்தான். வாப்பாவுக்கு இப்போது கண் மங்கல். கதவடி வெளிச்சத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து, பருத்தி நூலைப் புதுப் பாவாகக் கோத்து, அதன்மேல் சிவப்புக் கம்பளியை ஒன்று விட்டு ஒன்றாக ஓட்டினார். அசர் முடிந்து தொடங்கியவர் மஃரிபுக்குத்தான் எழும்பினார். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது மட்டும் நான்.

நீளமான பிளவுகளை வாங்கிய புதிதிலேயே பின்பக்கத்தால் தளர்வாகத் தைத்திருக்க வேண்டும். இழுத்துத் தைத்தால் துணி சுருங்கும். மேலே தெரியாமல் நாலு இடத்தில் பிடித்துவிட்டாலே போதும். இதை எனக்கு யாரும் அப்போது சொல்லவில்லை.

சரி, கடையில் பார்ப்பதென்றால் என்னத்தைப் பார்ப்பது? வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு விரல் கணுவைவிட நீளமான பிளவு நிறைய இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பின்பக்கமும் முன்பக்கம் போலவே துலக்கமாக இருக்க வேண்டும். குஞ்சம் பாவு நூலின் நுனியாக இருக்க வேண்டும், தனியாக வைத்துத் தைத்ததாக இருந்தால் கைநெசவு என்று நம்பாதீர்கள். ஒரே சிவப்பு ஓரிடத்தில் கொஞ்சம் கடும் நிறமாகவும் ஓரிடத்தில் வெளிறியும் இருந்தால் பயப்பட வேண்டாம். நூலைப் பகுதி பகுதியாகச் சாயம் போட்டால் அப்படித்தான் வரும், எனக்கு அது வடிவாகவே படுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு வெள்ளைச் சீலைத் துண்டை நனைத்துச் சிவப்பின் மேல் அழுத்திப் பிடியுங்கள். சீலையில் நிறம் ஏறினால் எங்கள் பக்கத்து மழையில் அந்த விரிப்பு தப்பாது.

தம்பிக்கு அது தெரியாது. நானும் கேட்டு வைக்கவில்லை. 2022இல் கழுவக் கொடுத்த இடத்தில் மெசினில் போட்டுத் துணிச்சோப்புத் தூளால் கழுவிவிட்டார்கள். வெள்ளை சாய்சதுரத்துக்குள் சிவப்பு இறங்கியிருந்தது, ஓரமெல்லாம் அலையலையாக நெளிந்திருந்தது. கேட்டதற்கு "பழைய சாமான்தானே" என்று பதில். அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை நடுங்குகிறது. கம்பளிக்குத் துணிச்சோப்பின் காரம் ஆகாது, சுடுதண்ணி ஆகாது. அதற்குப் பிறகு வெளியே கொடுப்பதே இல்லை. தேத்தண்ணி சிந்தினால் தேய்க்காமல் காய்ந்த சீலையால் ஒற்றி எடுக்கிறேன். மிச்சக் கறைக்குப் பச்சைத்தண்ணியில் ஒரு சொட்டு சாம்பு, அதையும் ஒற்றித்தான்.

மாரி மழை இதற்கு எதிரி. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்தாலும் கைக்கு ஈரமாகத் தெரியாது. 2024 நவம்பர் வெள்ளத்தின்போது சுருட்டி, பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தேன். தண்ணீர் படவில்லை, ஆனால் இரண்டு கிழமை கழித்து அவிழ்த்தால் நனைந்த ஆட்டின் வாசம். பொலித்தீனுக்குள் காற்று போகாது. பழைய பருத்தி பெட்சீட்டில் சுருட்டியிருக்க வேண்டும். மடித்தும் வைக்கக்கூடாது, மடிப்பில் நூல் ஒடியும். அப்புறம் பூச்சி. கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு, பருத்தியை அது அவ்வளவாகத் தொடாது. வேப்பிலை போட்டால் போதும் என்று இருந்துவிடாமல், மாதம் ஒரு தடவை இரண்டு பக்கமும் தட்டி, கதிரைக்கு அடியில் ஆளசையாமல் கிடக்கும் மூலையைக் காற்றாட விடுங்கள். டைல்ஸ் தரையில் வழுக்காமலிருக்க அடியில் ஓட்டை ஓட்டையான றப்பர் வலை போடலாம். முழு றப்பர் விரிப்பு வேண்டாம், அதன் கீழே வேர்க்கும்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம்தான். காற்றுக் காலம் தொடங்கினால் வீடு முழுக்க மணல். முன்பு கிடந்த மயிர் வைத்த மெசின் கார்பட் அந்த மணலை அடியில் சேர்த்து வைத்துத் தன்னைத்தானே அறுத்துக்கொண்டது. கிலிமில் மயிர் இல்லை, கவிழ்த்துத் தட்டினால் மணல் அப்படியே கொட்டும். ஒரு பக்கம் மங்கினால் மறுபக்கம் புதிது போல இருக்கிறது. நாலு மாதத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுகிறேன். மதிய வெயிலில் தரை கொதிக்கும்போதும் அதன்மேல் கால் வைத்தால் இதமாக இருக்கும். பள்ளிக்கூடத்தால் வரும் பிள்ளைகள் மூவரும் செற்றியை விட்டு அதில்தான் வந்து விழுகிறார்கள்.

சாச்சி மகளுக்கு என் பதில் இதுதான்: வாங்காதே. உனக்குக் கைப்பிள்ளை இருக்கிறது, வீட்டில் சக்கரக் கதிரையும் ஓடுகிறது. அந்தச் சல்லிக்கு இங்கேயே கட்டம் போட்ட நல்ல பன்பாய் இரண்டு எடு. மகன் வளரட்டும், மறுகா பார்ப்போம்.

அப்படியே அவளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப உங்கடத எனக்குத் தாங்களன் ராத்தா, உங்களுக்குத்தான் கரைச்சலாச்சே" என்றாள்.

தரமாட்டேன். தெற்குப் பக்க ஓரத்தில் வாப்பா இன்னும் இரண்டு பிளவு தைக்க இருக்கிறது. நூல் எடுத்து வைத்திருக்கிறேன்.