அப்பா நிலத்துக்கு பாட்டியும் வாரிசுதான்: ஊர்ல வாரிசு சான்றிதழ் வாங்கின அனுபவம்

அப்பா தவறினதுக்கு அப்புறம் நிலம், பேங்க் வேலையெல்லாம் பாக்க சிங்கப்பூர்லேந்து டெல்டா பக்கம் எங்க ஊருக்குப் போயிட்டு வந்தேன், இதே வேலையா கிளம்புறவங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்துலயே அப்ளை பண்ணிடலாம், கட்டணம் 60 ரூபாய், இறப்பு சான்றிதழ், ஆதாரெல்லாம் அவங்களே ஸ்கேன் பண்ணி ஏத்திடறாங்க, அங்கேந்து விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரிச்சு தாசில்தார் கையெழுத்துக்குப் போகுது. கூட வந்த சொந்தக்காரர் அம்மா, அண்ணன், நான்னு மூணு பேரோட நிறுத்திட்டார். தங்கச்சி பேரு எங்கன்னு கேட்டா "அதான் நகை நட்டு போட்டு கட்டிக் குடுத்தாச்சே"ங்கறார். டைப் அடிச்சிட்டு இருந்த பொண்ணுதான் நிமிந்து பாத்து, "இறந்தவரோட அம்மா இருக்காங்களா சார், அவங்க பேரும் வேணும்"னுச்சு. பாட்டி உயிரோட வீட்டுல இருக்காங்க, எங்க யாருக்கும் அது தோணவே இல்ல.

1956 இந்து வாரிசுரிமை சட்டப்படி உயில் எழுதாம ஒருத்தர் போயிட்டா மனைவி, மகன், மகள், அம்மா எல்லாரும் முதல் வகுப்பு வாரிசு, ஆளுக்கு ஒரு பங்கு. எங்க அப்பா நிலம் அவர் சம்பாதிச்சு வாங்கினது, அதனால அஞ்சு சம பங்கு, கல்யாணம் ஆனாலும் தங்கச்சிக்கு அதே பங்குதான். (பூர்வீக சொத்துல பொண்ணுங்களுக்கு உரிமை தமிழ்நாட்டுல 1989ல வந்துச்சு, நாடு முழுக்க 2005ல.) கிறிஸ்தவங்க, முஸ்லிம்களுக்கு சட்டம் வேற, அதை தனியா விசாரிச்சுக்கங்க.

விஏஓ வீட்டுக்கே வந்தார். திண்ணையில உக்காந்து ஒரு வெள்ளைத்தாள்ல வம்சாவளி போட்டு, ஒவ்வொரு பேரையும் பாட்டி காதுகிட்ட சத்தமா படிச்சுக் காட்டி, அவங்க தலையாட்டின அப்புறம்தான் கைநாட்டு வாங்கினார். அந்த மனுஷனுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

பேங்க்ல தான் மனசு கஷ்டமாச்சு. நாமினி அண்ணன், அதனால பணம் மொத்தமும் அவருக்குத்தான் சொந்தம்னு அங்க ஒரு அதிகாரி அடிச்சுப் பேசினார். நாமினி பணத்தை வாங்கி வாரிசுங்களுக்குக் குடுக்க வேண்டிய ஆள், அவ்வளவுதான், டெபாசிட் விஷயத்துல 2010லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அண்ணன் நல்லவர், பிரிச்சுக் குடுத்துட்டார், எல்லா வீட்டுலயும் அப்படி நடக்குமா?

சான்றிதழ் கைக்கு வந்துட்டா நிலம் பேருக்கு மாறிடாது, யாரு யாரு வாரிசுன்னு மட்டும்தான் அதுல இருக்கும். பட்டா மாறுதலுக்கு தனியா அப்ளை பண்ணணும், நாங்க அஞ்சு பேருக்கும் கூட்டுப் பட்டா கேட்டிருக்கோம். யாராவது பங்கு வேண்டாம்னா வாய்வார்த்தை போதாது, விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணணும், பாட்டிகிட்ட யாரும் அப்படி கேக்கக்கூடாதுன்னு நான் கண்டிஷனா சொல்லிட்டேன். நாளைக்கு அவங்க உயில் இல்லாம போனா அந்தப் பங்கு சித்தப்பா, அத்தை, அப்புறம் அப்பா இடத்துல நாங்கன்னு போகும், அதுதான் நியாயமும்.

ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கற அட்டை) வச்சிருக்கவங்க விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, ஆனா வாரிசா வர்றதை வச்சுக்கலாம், இதுல ஊர்ல பல பேர் குழப்புவாங்க, பயப்படாதீங்க. லீவு பத்தலைன்னா நாம இருக்கற நாட்டு இந்திய தூதரகத்துல பவர் பத்திரத்துக்கு (நமக்குப் பதிலா இன்னொருத்தர் வேலையைப் பாக்க எழுதிக் குடுக்கறது) சான்று வாங்கி நம்பிக்கையான ஆளுக்கு அனுப்பலாம், அது இந்தியா வந்து சேந்த 3 மாசத்துக்குள்ள அங்க முத்திரைத்தீர்வை கட்டிடணும்.