ஆற்காடு சாலை இரைச்சலும் புது யுபிவிசி ஜன்னலும்

பழைய ஜன்னலை எடுத்துவிட்டு யுபிவிசி, அதாவது கெட்டியான பிளாஸ்டிக் ஃபிரேம் ஜன்னல் போட்டால் தெருச் சத்தம் நிஜமாகவே குறையுமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குறையும், நன்றாகவே குறையும், ஆனால் அதற்குக் கண்ணாடியைவிட இடுக்கு அடைபடுவதுதான் முக்கியம். கடைகளிலோ கண்ணாடியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள்.

எங்களுடையது வடபழனியில் ஆற்காடு சாலையைப் பார்த்த இரண்டாவது மாடி. படுக்கையறையில் இருந்தது பழைய மர ஜன்னல், வெயிலிலும் மழையிலும் கதவு நெளிந்துபோய், சாத்தினாலும் ஓரத்தில் வெளிச்சம் தெரியும். பகலெல்லாம் பஸ் ஹாரன், இரவில் லாரி, போதாததற்கு மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் வெளியிலேயே பகலில் 55, இரவில் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. எங்களுக்கோ ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தாலும் கட்டிலில் வைத்த ஃபோன் ஆப் இரவில் 60-ஐ ஒட்டியே காட்டும். ஆப் துல்லியமான கருவி இல்லைதான், ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

விலை கேட்ட இடங்களில் பெரும்பாலும் ஸ்லைடிங்கையும் இரட்டைக் கண்ணாடியையும்தான் காட்டினார்கள். ஸ்லைடிங் கதவு ஓட வேண்டும் என்றால் இறுக்கமாக மூட முடியாது, ஓரத்தில் பிரஷ் மாதிரி ஒரு பட்டைதான் இருக்கும், காற்று போகிற வழியில் சத்தமும் வந்துவிடும். இரட்டைக் கண்ணாடி முக்கியமாக வெப்பத்துக்கானது. நடுவில் 12 மி.மீ. இடைவெளி விட்டு இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் கண்ணாடி போட்டால் சத்தத்துக்குப் பெரிய பலன் இல்லை, லாரி உறுமல் மாதிரித் தாழ்ந்த சத்தத்துக்கு இன்னும் மோசம்.

கடைசியில் நான் கொடுத்தது அம்பத்தூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு சின்ன நிறுவனத்திடம். வெளிப்பக்கம் திறக்கிற கேஸ்மென்ட் ஜன்னல், சுற்றிலும் ரப்பர் காஸ்கெட், கைப்பிடியைத் திருப்பினால் பல இடங்களில் ஒரே நேரத்தில் பூட்டிக் கதவை ஃபிரேமோடு அழுத்திப் பிடிக்கும். கண்ணாடி 6.38 மி.மீ. லேமினேட்டட், அதாவது இரண்டு 3 மி.மீ. கண்ணாடிக்கு நடுவில் பிவிபி என்கிற ஒரு பிளாஸ்டிக் படலம். கண்ணாடியின் அதிர்வை அந்தப் படலம் தின்றுவிடும், உடைந்தாலும் சில்லு சிதறாது. சதுர அடிக்கு 1,150 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஸ்லைடிங்கைவிட விலை கூடத்தான், கொடுக்கலாம்.

பட்டறை வேலை சுத்தம். பொருத்த வந்தவர்கள் வேலைதான் சொல்லும்படி இல்லை. ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவில் ஃபோம் அடித்துவிட்டு மேலே சிலிக்கான் இழுத்து முடித்துவிட்டார்கள், கீழ்ப்பக்கம் ஃபோம் போய்ச் சேரவே இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டு ஊதுபத்தியை ஃபிரேமைச் சுற்றிக் காட்டினேன், கீழ் மூலையில் புகை பிய்த்துக்கொண்டு போனது. வீடியோ எடுத்து அனுப்பினேன், மறுபடி வந்து சிலிக்கானைப் பிரித்து ஃபோம் அடித்து வெளியே சிமென்ட் பூசிக் கொடுத்தார்கள், கூடுதல் காசு கேட்கவில்லை. அந்த ஒரு மூலை அடைபட்டதுமே காதுக்கு வித்தியாசம் தெரிந்தது. நீங்கள் யாரிடம் போட்டாலும் மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த ஊதுபத்தியைக் காட்டிப் பாருங்கள்.

இப்போது இரவில் ஆப் 44 பக்கம் காட்டுகிறது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தம் மாதிரி இருக்கும் என்பார்கள், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஹாரன் எங்கோ தூரத்தில் கேட்கிறது, பேச்சுக்குரல் கேட்கவே இல்லை. ஆனால் கனரக லாரியின் அந்த உறுமல் இன்னும் வருகிறது, அது சுவர் வழியாகவும் வரும், ஒற்றை ஜன்னலால் அதை முழுதாக நிறுத்த முடியாது. அதுவும் குறைய வேண்டும் என்றால் இந்த ஜன்னலிலிருந்து ஒரு சாண் தள்ளி உள்பக்கம் இன்னொரு கண்ணாடி ஜன்னல் போட வேண்டும், சுவர் கனம் இருந்தால் செய்யலாம்.

தொந்தரவுகளும் உண்டு. வெளியே கதவு, நடுவில் கிரில், உள்ளே கொசுவலை என்று வரிசை அமைந்துவிட்டதால் ஜன்னலைத் திறக்க முதலில் வலையைத் திறந்து கிரிலுக்குள் கை விட வேண்டும், அம்மாவுக்கு அது சிரமமாக இருக்கிறது. ஆர்டர் கொடுக்கும்போதே கைப்பிடி எந்த உயரம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் காற்று. இவ்வளவு இறுக்கமாக மூடினால் அறை புழுங்கும், ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அதனால் விடியற்காலையில் தெரு அடங்கியிருக்கும்போது திறந்து வைக்கிறோம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இவ்வளவு செலவு செய்ய வேண்டாம். கதவு ஓரத்தில் ஒட்டுகிற ரப்பர் பட்டை சில நூறு ரூபாய்தான், ஜன்னலுக்கும் அறைக்கதவின் அடிப்பக்கத்துக்கும் அதைப் போடுங்கள், ஏசி குழாய் போகிற துளையை அடையுங்கள், மேலே வெண்டிலேட்டர் இருந்தால் அதையும் பாருங்கள். முட்டை அட்டை மாதிரி ஃபோம் ஷீட்டை வாங்கி ஜன்னலில் ஒட்டாதீர்கள், அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கத்தான், தெருச் சத்தத்தைத் தடுக்காது. கனமான திரையும் கொஞ்சம்தான் உதவும்.

பொருத்தும் வேலைக்கு மட்டும் ஒரு மதிப்பெண் குறைத்து ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அடுத்து ஹாலுக்கும் இவர்களிடமே கேட்டிருக்கிறேன், இந்த முறை ஃபோம் அடிக்கும்போது நான் பக்கத்திலேயே நிற்பேன் என்று சொல்லித்தான் முன்பணம் கொடுத்தேன்.