விடுமுறைக்கு முன் கமரா பொருத்துவோர் கவனத்துக்கு: போனில் படம் தெரிந்தால் பதிவாகிறது என்று நம்பாதீர்கள்

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஹட்டனுக்கு அண்மையில் உள்ள எங்கள் வீட்டின் கதவு உடைக்கப்பட்டுக் களவு போனது. வீட்டைச் சுற்றி நான்கு கண்காணிப்புக் கமராக்கள் இருந்தன. நாங்கள் புறப்படுவதற்குச் சற்று முன்னர்தான் ஒரு கடைக்காரர் அவற்றைப் பொருத்தி, முழுப் பணத்தையும் வாங்கிச் சென்றிருந்தார். அவற்றில் ஒரு நிமிடக் காட்சிகூடப் பதிவாகவில்லை. எங்களுக்குத் தெரிந்த இன்னொரு குடும்பத்துக்கும் இதே கடை இதே வேலையைச் செய்திருப்பது பின்னர் தெரியவந்ததால், அடுத்த விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகவிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

ஏப்ரல் மாதத்தில் மலையகம் எப்படி இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நுவரெலியா சீசனுக்கு வரும் வாகனங்கள் வீதியை நிறைக்கின்றன. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊருக்குத் திரும்புகிறார்கள். பாடசாலை விடுமுறை என்பதால் பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீடுகளுக்கோ கதிர்காமத்துக்கோ புறப்படுகின்றன. தெருவில் தெரியாத முகம் ஒன்று நின்றால், சீசனுக்கு வந்தவராக இருக்கும் என்று நாமும் கடந்துவிடுகிறோம். இந்த நாட்களில்தான் கமரா விற்பவர்களுக்கும் வேலை குவிகிறது. ஒரே நாளில் பல வீடுகளை முடித்துப் பணம் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில், சிலர் துணிந்து ஏமாற்றவும் செய்கிறார்கள்.

பொருத்தி முடித்ததும் அந்தக் கடைக்காரர் என் மனைவியின் கையில் போனைக் கொடுத்து, "பாருங்க அக்கா, இனிப் பதுளையில இருந்துகிட்டே வீட்டப் பாக்கலாம், பயப்படாமப் போயிட்டு வாங்க" என்றார். முன்வாசல், படலை, சமையலறைக் கதவு, பக்கத்துச் சந்து ஆகிய நான்கும் போனில் தெளிவாகத் தெரிந்தன. பற்றுச்சீட்டில் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் என்றும் ஒரு வருட உத்தரவாதம் என்றும் எழுதியிருந்தது.

திரும்பி வந்தபோது தேயிலை மலையைப் பார்த்திருக்கும் சமையலறைக் கதவின் தாழ்ப்பாள் பெயர்க்கப்பட்டிருந்தது. எரிவாயு சிலிண்டர், மடிக்கணினி, மகளின் தங்கத் தோடு, அலுமாரியில் இருந்த பணம் எல்லாம் போயிருந்தன. தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த பதிவுப் பெட்டியை, அதாவது டி.வி.ஆரை, திருடர்கள் தொடவில்லை. அதன் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. விசாரணைக்கு வந்த பொலிஸ் உத்தியோகத்தர் பதிவைக் காட்டச் சொன்னார். பழைய காட்சிகளைத் தேடும் திரையில் ஒரு நாட்காட்டி வரும். பதிவு இருக்கும் நாட்கள் மட்டும் அதில் நிறம் மாறித் தெரியும். எங்கள் நாட்காட்டியில் ஒரு நாள்கூட நிறம் மாறியிருக்கவில்லை, கமராக்களைப் பொருத்திய நாள் உட்பட.

கடைக்காரரை அழைத்தபோது, கரண்ட் போயிருக்கும் என்றார். கரண்ட் போனாலும் அதற்கு முந்தைய நாட்களின் பதிவு எங்கே என்று கேட்டதற்கு, இடி மின்னலில் பழுதாகியிருக்கும் என்றார். ஏப்ரல் மாலைகளில் இங்கே இடியுடன் மழை பெய்வது வழக்கம்தான். ஆனால் அந்த மின்னல் கமராக்களையும் பெட்டியையும் ரவுட்டரையும் விட்டுவிட்டு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் தாக்கியது என்பதை நம்ப முடியவில்லை. அதற்குப் பின் அவர் எங்கள் அழைப்பை எடுக்கவே இல்லை.

பொலிஸாரின் குறிப்பெடுப்பு முடிந்த பிறகு, நுவரெலியாவில் இதே தொழில் செய்யும் உறவினர் ஒருவரை வரவழைத்து, ஒவ்வொரு படியையும் படம் எடுத்தபடி பெட்டியைத் திறந்தோம். உள்ளே இருந்தது பழைய மடிக்கணினி ஒன்றிலிருந்து கழற்றப்பட்ட மெல்லிய ஹார்ட் டிஸ்க். அதன் ஸ்டிக்கரைப் பாதி சுரண்டியிருந்தார்கள். 320 ஜிகாபைட் என்ற எழுத்து மிச்சம் இருந்தது. திருகாணி போட்டு இறுக்க வேண்டியதை இருபக்கப் பசை நாடாவால் ஒட்டியிருந்தார்கள். அது வேலை செய்யாத டிஸ்க். இதைவிட முக்கியமான ஒன்றை உறவினர் செட்டிங்கில் காட்டினார்: டிஸ்க் பழுதானால் பெட்டி "பீப்" என்று ஒலி எழுப்பி எச்சரிக்கும் வசதி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டிஸ்க் பழுது என்று தெரியாதவர் அந்த ஒலியை அணைத்திருக்க மாட்டார். ஆகவே இது தெரிந்தே செய்த மோசடி என்பதே என் முடிவு.

இதில் எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம் இதுதான். போனில் நேரடியாகத் தெரியும் படத்துக்கு ஹார்ட் டிஸ்க் தேவையே இல்லை. கமராவும் பெட்டியும் இணைய இணைப்பும் இருந்தால் படம் ஓடும். பணம் வாங்கும் நேரத்தில் எல்லாக் கடைக்காரரும் காட்டுவது இந்த நேரடிப் படத்தைத்தான். நடுச்சாமத்தில் யாரும் போனைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பதில்லை. பதிவு வேண்டும் என்பதற்காகத்தான் நாம் கமராவே வாங்குகிறோம். எனவே மிச்சப் பணத்தைக் கொடுக்கும் முன், முதல் நாள் இரவு உங்கள் சமையலறைக் கதவடியில் என்ன நடந்தது என்பதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஓர் இரவாவது கடந்திருக்க வேண்டும் என்பதால், புறப்படும் நாளிலோ அதற்கு முந்திய நாளிலோ பொருத்த வருபவரிடம் வேலையைக் கொடுக்கவே வேண்டாம்.

டிஸ்க்கின் அளவையும் செட்டிங்கில் காட்டச் சொல்லிப் பற்றுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். சாதாரணமாக 1080பி தரத்தில் ஒரு கமரா இடைவிடாமல் பதிவு செய்தால் நாளுக்கு ஏறத்தாழ 20 ஜிகாபைட் பிடிக்கும். நான்கு கமராக்களுக்கு ஒரு டெராபைட் டிஸ்க் பன்னிரண்டு நாள் அளவுக்குத் தாங்கும்; எங்களுக்கு வைத்த டிஸ்க் நல்ல நிலையில் இருந்திருந்தாலும் நான்கு நாளைத் தாண்டியிராது. இடம் நிரம்பியதும் பெட்டி பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். இப்படிச் சிறிய டிஸ்க்கை வைத்துவிட்டு இரண்டு வாரம் ஊருக்குப் போகிறவர் திரும்பி வரும்போது, முதல் வாரத்துக் களவின் பதிவு அழிந்திருக்கும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் மூடுபனி. இருட்டில் கமரா தன் அகச்சிவப்பு விளக்கைக் கொண்டுதான் பார்க்கிறது; அந்த ஒளி பனியில் பட்டுத் திரும்பி வருவதால் திரை முழுவதும் வெள்ளையாகிவிடும். கமராவிலிருந்து தள்ளி, கதவுக்கு மேலே தனி மின்விளக்கு ஒன்றைப் போட்டால் ஓரளவு தெரியும். இதை எந்தக் கடைக்காரரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் வேலை முடித்த அன்றே, முன்வாசலின் படத்தையும் ஊரின் பெயரையும் போட்டு அந்தக் கடை முகநூலில் விளம்பரம் செய்திருந்ததைப் பின்னர்தான் கண்டோம். நாங்கள் ஊரில் இருக்கப்போவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். களவில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்று நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஒரு வீட்டின் வாசல், கமரா இருக்கும் இடம், பூட்டு ஆகியவற்றை ஊருக்கே காட்டுவது பாதுகாப்பு விற்பவர் செய்யக்கூடிய வேலையா? படம் எடுக்க அனுமதி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொருத்தியவர் வைத்த கடவுச்சொல்லையும் அவர் படி இறங்கிய உடனே மாற்றிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், கமராவுக்குச் செலவழிக்கும் முன் பின்கதவைப் பலப்படுத்த வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் முன்கதவு நல்ல மரத்திலும் சமையலறைக் கதவு மெல்லிய பலகையிலும்தான் இருக்கின்றன. இப்போது உட்புறமாக இரும்புக் குறுக்குச் சட்டம் போட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் மாலையில் விளக்கைப் போட்டுக் காலையில் அணைக்கச் சொல்லியிருக்கிறோம், ஏனெனில் பகலிலும் எரியும் வெளிவிளக்கு வீட்டில் ஆளில்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வீடு உடைந்திருப்பதைக் கண்டால் எதையும் தொடாமல் 119 ஐ அழையுங்கள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், அதை முழுமையாக விளக்கிச் சொல்லும்வரை கையொப்பமிடாதீர்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. கடைக்கு எதிரான முறைப்பாட்டை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் கொடுக்கலாம். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்த அமைப்புக்கு நாங்கள் பற்றுச்சீட்டின் பிரதியையும் பெட்டியைத் திறந்தபோது எடுத்த படங்களையும் எழுத்துமூல முறைப்பாட்டோடு அனுப்பியிருக்கிறோம்.

முறைப்பாடு போன பிறகு கடைக்காரர் ஆள் மூலம் பேசினார். புது டிஸ்க் தருவதாகவும், பழையதைத் திருப்பிக் கொடுத்துவிடும்படியும் கேட்டார். நாங்கள் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு டிஸ்க் இருந்தால், மாற்றித் தருகிறேன் என்று வருபவரிடம் அதைக் கொடுத்துவிடாமல் உறையில் போட்டுப் பற்றுச்சீட்டோடு பத்திரமாக வையுங்கள். கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.