ரேக்கில் எத்தனை நாள் சரக்கு? ப்ளூ யோண்டர் ஸ்பேஸ் பிளானிங் மதிப்பீடு

பிளானோகிராம் என்றால் வண்ணப் படம் என்றே பல சூப்பர் மார்க்கெட் முதலாளிகள் நினைக்கிறார்கள். எந்த ரேக், எந்தத் தட்டு, எந்தப் பொருள், முன்வரிசையில் எத்தனை என்று காட்டுகிற படம். அது மட்டும்தான் தேவை என்றால் ப்ளூ யோண்டர் ஸ்பேஸ் பிளானிங் என்ற இந்த மென்பொருளுக்குக் காசு கொட்ட வேண்டாம், எக்செல் கட்டத்திலேயே வரைந்துவிடலாம். இதை வாங்க நியாயமான காரணம் ஒன்றுதான் உண்டு. ரேக் பிடிக்கிற சரக்கு எத்தனை நாள் தாங்கும் என்று ஒவ்வொரு பொருளுக்கும் இது கணக்குப் போட்டுக் காட்டுகிறது.

இன்டாக்டிக்ஸ் நிறுவனத்தின் புரோஸ்பேஸ் என்ற மென்பொருள்தான் இதன் பூர்வீகம். 2000இல் ஜேடிஏ என்ற மென்பொருள் நிறுவனம் இன்டாக்டிக்ஸை வாங்கியது. ஜேடிஏ 2020இல் ப்ளூ யோண்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டது, 2021இல் பானசோனிக் கைக்குப் போனது. இத்தனை கை மாறியும் கோப்பு வடிவம் அதே பிஎஸ்ஏதான். அது உள்ளே கமா போட்டுப் பிரித்த சாதாரண எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே திறக்கும். எங்கோ ஓர் அளவு தப்பாக ஏறிவிட்டால் தேடிப் பிடிக்க இது பெரிய சௌகரியம்.

ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். 900 மி.மீ. ரேக், 400 மி.மீ. ஆழம். ஒரு கிலோ துவரம் பருப்பு பாக்கெட்டின் அகலம் 150, தடிமன் 60. ஐந்து ஃபேசிங், அதாவது முன்வரிசையில் ஐந்து பாக்கெட், ஒவ்வொன்றிலும் முன்னிருந்து பின்வரை ஆறு, ஆக 30. வாரத்துக்கு 70 ஓடினால் நாளைக்கு 10, சரக்கு 3 நாளைக்கு வரும். டிஸ்ட்ரிபியூட்டர் வண்டி நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால் நான்காம் நாள் அந்த இடம் காலி. மென்பொருளில் ஹைலைட் வசதியைப் போட்டு, 4 நாளுக்குக் கீழே உள்ளதெல்லாம் சிவப்பு என்று சொல்லிவிட்டால் ரேக் முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எங்கே இடம் பற்றவில்லை, எங்கே ஓடாத சரக்கு 60 நாள் ஸ்டாக்கோடு நடுத்தட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க இதைவிட வேகமான வழி இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு முழுக்க அளவெடுப்பவர் கையில் இருக்கிறது. பருப்பு பாக்கெட்டை மேசையில் படுக்க வைத்து அளந்தால் தடிமன் 45 வரும். ரேக்கில் நிறுத்தினால் பருப்பு அடியில் இறங்கி, மேல்பக்கம் சப்பையாகி, அடி 60 ஆகிவிடும். 45 என்று ஏற்றினால் ஆழத்தில் 8 பாக்கெட் போகும் என்று மென்பொருள் நம்பி, 40 பாக்கெட், 4 நாள் என்று காட்டும். சிவப்பு மறைந்துவிடும், ரேக்கிலோ மூன்றே நாள் சரக்கு. அதனால் ஐந்து பாக்கெட்டை ரேக்கில் நிற்கிறபடியே நெருக்கி நிறுத்தி, மொத்த நீளத்தை ஐந்தால் வகுத்து ஏற்ற வேண்டும். ஸ்குவீஸ் அமைப்பு ஒன்று இருக்கிறது, பை எவ்வளவு நசுங்கலாம் என்று அதில் சொல்லலாம். அளவைச் சரியாக எடுத்தபின் தொடவேண்டிய இடம் அது. அளவு தப்பானதை அதை வைத்துச் சமாளிக்கப் பார்த்தால் ரேக்கில் பை பிதுங்கும்.

ரேக்கையும் அளக்க வேண்டும். 900 என்பது பல ரேக்குகளில் தூணின் நடுவிலிருந்து அடுத்த தூணின் நடுவரை உள்ள அளவு, தட்டின் உள்ளகலம் அதைவிடக் குறைவு. 900ஐ அப்படியே கொடுத்தால் திரையில் ஆறு ஃபேசிங் கச்சிதமாக உட்காரும். கடையில் ஆறாவது பாக்கெட்டைச் செருகப் பையன் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். மேல்தட்டுக்கும் பாக்கெட்டுக்கும் நடுவே கை நுழைய 30 மி.மீ. அளவுக்கு விட வேண்டும். ஃபிங்கர் ஸ்பேஸ் என்ற இடத்தில் அதைக் கொடுக்காவிட்டால் மென்பொருள் தட்டுகளை நெருக்கி அடுக்க விட்டுவிடும். பிறகு பாக்கெட்டை எடுக்க அதன் தலையைத் திருகி இழுக்க வேண்டியதுதான்.

அடுத்த தலைவலி பில்லிங் மென்பொருளிலிருந்து விற்பனையைக் கொண்டுவருவது. இந்தியப் பார்கோடு பெரும்பாலும் 890இல் தொடங்கும் 13 இலக்கம். பில்லிங்கிலிருந்து எடுத்த சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் சும்மா திறந்து சேமித்தால் எண் சுருக்கக் குறியீடாகி, கடைசி இலக்கங்கள் காணாமல் போகும், ஒரு பொருள்கூடப் பொருந்தாது. பார்கோடு உள்ள நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றித்தான் இறக்க வேண்டும். எம்.ஆர்.பி. மாறிய சரக்குக்குப் பில்லிங்கில் ஒரே பார்கோடு இரண்டு மூன்று வரியாக நிற்கும். கூட்டாமல் ஏற்றினால் ஒரு வரி விற்பனை மட்டும் போய்ச் சேர்ந்து, நன்றாக ஓடுகிற சரக்கு மந்தமாகத் தெரியும். கடையிலேயே எடை போட்டு ஒட்டும் ஸ்டிக்கர்களின் எண் 2இல் தொடங்கும். எடையோ விலையோ அந்த எண்ணுக்குள்ளேயே இருப்பதால் ஒவ்வொரு பாக்கெட்டும் புதுப்பொருள் போல வரும். அவற்றைத் தனியாகச் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

விற்பனை எண் எத்தனை நாளுக்கானது என்பதையும் சரிபாருங்கள். மாத விற்பனையை வார விற்பனை என்று கொடுத்தால் எல்லாமே நான்கு மடங்கு வேகமாக ஓடுவதாகத் தெரியும், ரேக் முழுக்கச் சிவப்பாகும். இது உடனே கண்ணில் படுகிற தப்பு. படாத தப்பு சராசரியில் இருக்கிறது. நம் ஊரில் சம்பளம் வந்த முதல் பத்து நாளில்தான் மாத மளிகை போடுவார்கள். பருப்பு, எண்ணெய், சோப்புத் தூள் எல்லாம் அப்போது அள்ளிக்கொண்டு போகும். முப்பது நாள் சராசரியில் அந்த வேகம் கரைந்துவிடுகிறது. மளிகைப் பிரிவுக்கு 1 முதல் 10 தேதி வரையான விற்பனையைத் தனியாக எடுத்து ஏற்றுவதே சரி. பிஸ்கட்டுக்கும் சிப்ஸுக்கும் சனி ஞாயிறு வேகம் போதும்.

சரக்கு இல்லாத நாளின் பூஜ்ய விற்பனை இன்னும் மோசம். ஸ்டாக் இல்லாமல் விற்காததை, கேட்பாரில்லை என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. ஃபேசிங் குறையும், இன்னும் சீக்கிரம் தீரும், விற்பனை இன்னும் குறையும். ஸ்டாக் இருந்த நாட்களால் மட்டும் வகுத்துச் சராசரி எடுத்தால் இந்தச் சுழலிலிருந்து தப்பலாம். அதை மென்பொருளுக்கு வெளியே செய்துகொண்டுதான் உள்ளே கொண்டுபோக வேண்டும். கார்ட்டன் கணக்கும் அப்படியே. கார்ட்டனில் 24 இருக்க, ரேக் 18 பிடித்தால் மிச்சம் 6 கிடங்குக்குத் திரும்பும், பிறகு தேடினால் கிடைக்காது. ஓடுகிற சரக்குக்கு ஒன்றரை கார்ட்டன் பிடிக்கிற இடம் ஒதுக்குவது நல்லது.

பொருளின் படம் சேர்ப்பது சுலபம். கோப்பின் பெயர் பார்கோடு, கடைசியில் 1 என்றால் முன்பக்கம், 2 இடப்பக்கம், 3 மேல்பக்கம். முன்பக்கம் மட்டும் எடுத்தாலே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகளில் விலை அப்படியே இருக்கும், எடை குறையும், பையும் சுருங்கும். அவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும்.

அச்சடித்த தாளில் தட்டின் உயரத்தை மில்லிமீட்டரில் கொடுக்காதீர்கள், இரவு ரேக் அடுக்குகிறவரிடம் டேப் இருக்காது. தூணில் உள்ள துளைகளைக் கீழிருந்து எண்ணி, 'தட்டு 3, துளை 14' என்று போட்டால் அடுக்கிவிடுவார். கம்பெனி சேல்ஸ்மேன் வந்துபோன மறுநாள் அந்தத் தாளோடு ரேக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்து பிராண்டின் ஒரு ஃபேசிங் நகர்ந்திருக்கும்.

ஒரே கடை, ஒரே மாதிரி ரேக் என்றால் இது அதிகம். அளவும் வார விற்பனையும் உள்ள எக்செல் தாளிலேயே நாள் கணக்கு வந்துவிடும். பத்துக் கிளைகள், கிளைக்கு ஒரு ரேக் அளவு, ஒரே பொருள் வரிசை என்கிறபோதுதான் இதன் அருமை தெரியும். அப்போதும் லைசென்ஸ் பேசுவதற்கு முன்னால் அளவெடுக்க ஓர் ஆளை நியமியுங்கள். 3,000 பொருள், நாளைக்கு 150 வீதம் அளந்தால் 20 வேலை நாள். அந்த 20 நாளை ஒதுக்க முடியாத கடைக்கு இந்த மென்பொருளால் பயன் இல்லை.