கணக்கு உங்கள் பெயரில், பாஸ்வேர்ட் அவர்களிடம்: கனடா பி.ஆர். கன்சல்டன்சிகள் பற்றி ஓர் எச்சரிக்கை

கனடா பி.ஆர். (அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வாங்கித் தருகிறோம் என்று சொன்ன ஒரு கன்சல்டன்சி என்னிடம் பெரிய தொகையை வாங்கிக்கொண்டு, ஒரு விண்ணப்பம்கூடப் போடாமல் ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தடித்தது. பணம் இன்னும் திரும்ப வரவில்லை. இதே வழியில் இன்னும் பலர் மாட்டிக்கொள்வார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். ஊரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்ற தவிப்பில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

பணம் கட்டியதுமே "உங்க ஃபைல் ஓப்பன் ஆயிடுச்சு" என்று மெசேஜ் வந்தது. அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் "ப்ராசஸ்ல இருக்கு சார்" என்ற பதில்தான். உண்மையில் அப்படி ஒரு ஃபைலே கிடையாது. பி.ஆர்.-க்கு விண்ணப்பிக்க மதிப்பெண் பார்த்து ஆட்களை அழைக்கும், 2015 முதல் நடக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் முதல் படி, ஆன்லைனில் ஒரு ப்ரொஃபைல் போடுவது. தகுதி உள்ள யாரும் அதைத் தாங்களே இலவசமாகப் போடலாம். 12 மாதம் அது உயிரோடு இருக்கும். வயது, படிப்பு, மொழித் தேர்வு, வேலை அனுபவம் எல்லாம் சேர்த்து 1200-க்கு ஒரு மதிப்பெண் கணக்காகும். அவ்வப்போது நடக்கும் சுற்றுகளில் அதிக மதிப்பெண் உள்ளவர்களை அரசு அழைக்கும். அந்த அழைப்பு வந்தபின் 60 நாளுக்குள் போடுவதுதான் விண்ணப்பம். எனக்கு அழைப்பே வரவில்லை. வரும் வாய்ப்பும் இல்லை என்பதைக் கணக்குத் தெரிந்த யாரும் முதல் நாளே சொல்லியிருக்க முடியும்: 2024-ல் குறிப்பிட்ட பிரிவு எதற்கும் என்று ஒதுக்காமல் நடந்த பொதுச் சுற்றுகள் எல்லாமே 500-க்கு மேல் நின்றன. என் மதிப்பெண் அதற்கு வெகு கீழே. அவர்களோ "உங்க ப்ரொஃபைல் ஸ்ட்ராங், கண்டிப்பா கிடைச்சிடும்" என்றார்கள்.

இதைவிட மோசமானது, கணக்கை அவர்கள் கையாண்ட விதம். என் பெயரில் புதிதாக ஒரு இமெயில் தொடங்கி, அதை வைத்து அரசுத் தளத்தில் கணக்கு திறந்து, இரண்டின் பாஸ்வேர்டையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். கேட்டபோது, "நீங்க லாகின் பண்ணினா அக்கவுண்ட் லாக் ஆயிடும்" என்று பயமுறுத்தினார்கள். மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். மேலேயும் கீழேயும் வெட்டி, என் பெயரும் "பூல்" (அழைப்புக்குக் காத்திருப்போர் பட்டியல்) என்ற நிலையும் மட்டும் தெரிகிற மாதிரி. விடாமல் நெருக்கி ஒரு வழியாக முழுப் பக்கத்தையும் வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ப்ரொஃபைல் எப்போதோ காலாவதியாகியிருந்தது.

அதோடு நிற்கவில்லை. நான் வேலையே செய்யாத ஒரு நிறுவனத்தின் பெயரில், மேற்பார்வையாளராக இருந்ததாகச் சில வருட அனுபவம் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. மதிப்பெண்ணைக் கூட்டிக் காட்டி அடுத்த தவணையை வாங்குவதற்காக. பொய்த் தகவல் கொடுத்ததாக நிரூபணமானால் கனடாவில் 5 வருடத் தடை. அந்தத் தடை கன்சல்டன்சிக்கு இல்லை, விண்ணப்பிக்கிற நமக்கு. என்னைக் கேட்காமல், எனக்குத் தெரியாமல், என் எதிர்காலத்தை வைத்து இதைச் செய்திருக்கிறார்கள். பணம் போனதைவிட எனக்கு இதுதான் தாங்க முடியவில்லை.

பணத்தைக் கேட்டேன். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள். விசா "நிராகரிக்கப்பட்டால்" மட்டுமே பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு வரி. விண்ணப்பமே போடாதபோது நிராகரிப்பு எங்கிருந்து வரும்? கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். "அழைப்பு வராவிட்டால் என்ன?" என்பதற்கு எழுத்தில் பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு வேறு ஒரு தூண்டில். கூடுதலாகப் பணம் கட்டினால் கனடாவில் ஒரு ஜாப் ஆஃபர் ஏற்பாடு செய்கிறோம், மதிப்பெண் ஏறும் என்றார்கள். ஜாப் ஆஃபருக்கு இருந்த அந்தக் கூடுதல் மதிப்பெண்ணை 2025 மார்ச் 25-லேயே கனடா எடுத்துவிட்டது. இவர்கள் என்னிடம் சொன்னது அதற்கு அப்புறம். எல்எம்ஐஏ, அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அங்குள்ள நிறுவனம் அரசிடம் வாங்கும் ஒப்புதல், என்று சொல்லிப் பணம் கேட்பவர்களும் உண்டு. அதற்கான 1000 கனடிய டாலரை வேலை கொடுப்பவர்தான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

கிளம்பத் துடிக்கிறவர்களின் மனது இவர்களுக்கு நன்றாகத் தெரியும். "மூணு மாசத்துல நீங்க அங்கே இருப்பீங்க, புதுசா எதையும் கமிட் பண்ணாதீங்க" என்பார்கள். அந்தப் பேச்சை நம்பி, வந்த பதவி உயர்வை விட்டுக்கொடுத்தேன். வீட்டில் முக்கியமான காரியங்களைத் தள்ளிப் போட்டோம். இந்த நஷ்டத்துக்கு எந்த ரசீதும் கிடையாது.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? காசு வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு விஷயத்தில் உங்களுக்காகச் செயல்பட, அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞர் போன்ற சட்டத் துறையினரோ, குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவான ஆலோசகரோதான் இருக்க வேண்டும். கல்லூரி என்று பெயர் இருந்தாலும் அது பாடம் நடத்தும் இடம் இல்லை, உரிமம் கொடுக்கும் அமைப்பு. அதன் பதிவேடு ஆன்லைனில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பெயரைப் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சுவரில் மாட்டிய சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம், அது வேறு யாருடையதாகவும் இருக்கலாம். பதிவேட்டில் உள்ள தொடர்பு வழியாகவே அவரிடம் கேளுங்கள். உங்கள் சார்பில் அவர் செயல்படுவதாக ஐஎம்எம் 5476 படிவத்தில் அவர் பெயர் வர வேண்டும். எனக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதையே அவர்கள் சொல்லவில்லை. உங்கள் மதிப்பெண்ணையும் கனடா அரசின் தளத்திலேயே இலவசமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஏற்கெனவே யாரிடமாவது கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்றே பாஸ்வேர்டை வாங்கி, நீங்களே உள்ளே போய் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். முக்கியமாக வேலை அனுபவம். இனி பேச்சு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். போனில் எனக்குக் கொடுத்த வாக்குறுதி எதற்கும் சாட்சி இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த மெசேஜும், வங்கிப் பரிமாற்றப் பதிவும், வெட்டி அனுப்பிய அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளும்தான் இப்போது என் போலீஸ் புகாரோடு இணைப்பாகப் போயிருக்கின்றன.