கம்போடியாவில் எட்டு நாள்: எங்கள் சபையின் மிஷன் பயணம் கொடுத்த காசுக்குத் தகுமா?

பணம் கட்டுவதற்கு முன்னால் நான் கேட்ட முதல் கேள்வி, "அனாதை இல்லத்துக்குப் போகிறோமா?" என்பதுதான். "இல்லை டீச்சர், கிராமத்துப் பாலர் பள்ளி மட்டும்தான்" என்று குழுத் தலைவர் சொன்ன பிறகே முன்பணம் 300 வெள்ளியைக் (மலேசிய ரிங்கிட்) கட்டினேன்.

காரணம் இருக்கிறது. இந்த முறை நாங்கள் போன அதே கம்போடிய ஊர் சியாம் ரியெப்புக்கு 2012-இல் வேறொரு குழுவோடு போயிருக்கிறேன். ஓர் இல்லத்தில் இரண்டு நாள். வேனை விட்டு இறங்கியதுமே முன்பின் பார்க்காத பிள்ளைகள் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டார்கள். அழுதுகொண்டே ஊர் திரும்பி, சபையில் எல்லார் முன்னாலும் அந்த அனுபவத்தைச் சாட்சியாக வேறு சொன்னேன். அப்போதே பாலர் பள்ளியில் எனக்குப் பதினெட்டு வருட அனுபவம். யாரென்றே தெரியாதவர் மடியில் மூன்று வயதுப் பிள்ளை அப்படித் தாவி ஏறினால் அதில் ஏதோ சரியில்லை என்று உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அங்கே இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதும், எங்களைப் போன்றவர்கள் போய்ப் பணம் கொடுக்கக் கொடுக்க இல்லங்கள் பெருகின என்பதும் பிறகு படித்துத்தான் தெரிந்தது. 2015-இல் கம்போடிய அரசு யுனிசெஃப் உதவியோடு எடுத்த கணக்கில் 406 இல்லங்கள், 16,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். அந்தச் சாட்சியை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

சரி, இந்தப் பயணத்துக்கு வருகிறேன். ஈப்போவிலிருந்து பதினோரு பேர், எட்டு நாள், ஆளுக்கு 2,400 வெள்ளி. விமானம், தங்குமிடம், சாப்பாடு, வேன் எல்லாம் அதில் அடக்கம். மலேசியக் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை. அங்கோர் வாட் கோயிலைப் பார்ப்பது தனிக் கணக்கு. ஒரு நாள் டிக்கெட் 37 அமெரிக்க டாலர். 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரை விட்டு வெகுதூரத்தில் இருக்கிறது, அதனால் இரவு விமானம் வேண்டாம். டாலர் நோட்டில் சின்னக் கிழிசல் இருந்தாலும் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார். இரண்டு நோட்டு என்னிடம் அப்படியே கிடக்கிறது.

புறப்படுவதற்கு முன் நடந்த ஏற்பாடுகளுக்கு முழு மதிப்பெண். மூன்று சனிக்கிழமை பயிற்சி. குழந்தைகளுக்கு எதிரான குற்றப் பதிவில் எங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பட்டியலில் சேர்த்தார்கள். பிள்ளை தானாக வராமல் தூக்கக் கூடாது, கழிப்பறைக்குத் தனியாக அழைத்துப் போகக் கூடாது, முகம் தெரியும்படி படம் எடுக்கக் கூடாது. வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிக்க அந்த நாட்டில் அனுமதி இல்லை என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். படம் எடுக்கக் கூடாது என்றதும் வாலிபர் இருவர் முகம் தொங்கிப்போனது. தொங்கட்டும்.

பள்ளி ஒரு மரவீட்டின் அடியில். அந்தப் பக்கத்து வீடுகள் உயரமான தூண்களின் மேல் நிற்கும்; கீழே கிடைக்கும் நிழலில் பாய் விரித்து 28 பிள்ளைகள். உள்ளூர் ஆசிரியைகள் இரண்டு பேர். பிள்ளைகள் அவர்களை 'நெயாக் க்ரூ' என்று கூப்பிட்டார்கள். அந்த 'க்ரூ' நம் 'குரு'தான். சுவரில் ஒட்டியிருந்த, அந்த நாட்டு மொழியான கெமரின் எழுத்துகளும் பல்லவர் எழுத்தின் வழியில் வந்தவை. ஒன்றையும் வாசிக்கத் தெரியாமல் சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்ததுபோல நின்றேன்.

வேலை எல்லாம் அந்த ஆசிரியைகளின் சொல்படிதான். காலையில் ஜாடித் தண்ணீர் மொண்டு கைகழுவ விடுவது, பிள்ளைகள் பசியாற 'பொபோர்' கஞ்சி ஊற்றுவது, கிண்ணம் கழுவுவது, காகிதம் வெட்டி வைப்பது. முப்பது வருடம் வகுப்பு எடுத்தவளுக்குக் கிண்ணம் கழுவும் வேலையா என்று முதல் நாள் மனசு முணுமுணுத்தது. மறுநாள் அந்த ஆசிரியைகளில் ஒருவர் எண் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மூய், பீ, பெய், புவொன், ப்ராம். ஐந்து முடிந்ததும் ஆறு 'ப்ராம் மூய்', அதாவது ஐந்து-ஒன்று. பிள்ளைகள் ஒரு கையை விரித்து வைத்துக்கொண்டு மறுகையில் ஒரு விரலை நீட்டினார்கள். ஆறு என்றால் என்ன என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நாங்கள் மடித்து எடுத்துப் போன எண் அட்டைகள் பையை விட்டு வெளியே வரவேயில்லை.

ஒரு சின்னப் பெண் கடைசிவரை என்னிடம் பேசவில்லை. நான் செருப்பைக் கழற்றிப் போட்டால் வந்து எடுத்து, தன் செருப்புக்குப் பக்கத்தில் நேராக வைப்பாள். ஐந்து நாளும் செய்தாள். நான் கவனிக்காததுபோல இருக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம் மாதிரி.

இனி குறை. பொம்மலாட்டப் பெட்டி 14 கிலோ; கூடுதல் சுமைக்கு விமானத்தில் தனிக் காசு. நம் ஊர் வி.பி.எஸ்.ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளி) எண்பது பிள்ளைகளுக்குப் போடும் நிகழ்ச்சியை அப்படியே தூக்கி வந்துவிட்டார்கள். பொம்மைச் சிங்கம் வாயைத் திறந்ததும் மூன்று பிள்ளைகள் அலறி அழுதார்கள், ஒருவன் பாயை நனைத்துவிட்டான். பாயை யார் துவைத்தது? ஆசிரியைகள்தான். பதினோரு பேருக்கு ஒரே ஒரு மொழிபெயர்ப்பாளர், அவரும் மூன்றாம் நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். அப்புறம், 28 பிள்ளைகளுக்குப் பதினோரு புதுமுகங்கள் ரொம்ப அதிகம். ஐந்து பேர் போதும். மிச்சப் பயணச் செலவை அந்த ஆசிரியைகளின் சம்பளத்துக்கு அனுப்பலாம் என்று கருத்துப் படிவத்தில் எழுதியிருக்கிறேன். தலைவர் ரசிக்கவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கிண்ணம் கழுவச் சம்மதிப்பவர்கள் தைரியமாகப் போகலாம்; மடியில் பிள்ளையோடு படம் வேண்டும் என்பவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். நவம்பர் பயணத்துக்கு நான் முன்பணம் கட்டிவிட்டேன். சிங்கத்தை ஈப்போவிலேயே விட்டுவிடுவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். எதற்கும் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்வேன்.